மேடுபள்ள வழிக்கு ஏற்ற மோட்டார் ஸைக்கிள் எது?

நம் கல்லூரி வாயிலின் உட்புறத்தே மரநிழலில் வரிசையாக நிற்கும் மோட்டார் ஸைக்கிள்களை நோக்குவார்க்கு, இவ்வூர்ச் சாலைகளெல்லாம் மலைப்பாறைகளால் ஆனவையோ என்னும் ஐயம் தோன்றினும் தோன்றும். உயர்ந்த இருக்கையும், கொக்கின் அலகுபோல் முன்னே நீண்ட மட்கார்டும், கட்டை கட்டையாய்ப் பல் வைத்த டயரும் உடைய வண்டிகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. அவற்றுட் பல, சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட தார்ச்சாலையையன்றி வேறு நிலத்தைத் தீண்டியறியா. அது குற்றமென்று நாம் கூறவில்லை. ஆயினும் ஒன்றரை லக்ஷம் முதல் மூன்று லக்ஷம் ரூபாய்க்கு மேலும் பெற்றோர் பொருள் செலவாகின்ற ஒரு காரியத்தில், விளம்பரப் படத்தைக் கண்டு முடிவு செய்துவிட்டு, பின்னர் கொள்ளிடத்து மணலிலோ பச்சைமலைக் கல்லிலோ அவ்வண்டியோடு போராடுவது வருந்தத்தக்கதே. பணம் போனால் ஈட்டலாம். முதுகெலும்புக்கும் மணிக்கட்டுக்கும் வரும் தீங்கு அத்தகையதன்று.

ஆதலின் இவ்வகை வண்டிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்போர் எதை முதலில் ஆராய வேண்டும் என்பதைச் சிறிது விரித்துரைக்கக் கருதினோம். இஞ்சினின் குதிரைத்திறனைப் பற்றி நண்பர்கள் தங்களுக்குள் வேண்டிய அளவு பேசிக்கொள்கின்றனர். அதனினும் முக்கியமாய், அதனினும் குறைவாய்ப் பேசப்படுவது சஸ்பென்ஷன் என்னும் உறுப்பாகும். வண்டிக்கு வண்டி வேறுபாடு பெரிதும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டைக் கண்டவர்கள் ஸ்ரீபாதந்தாங்கிகளின் நடையைக் கவனித்திருப்பர். தோளின்மேல் தண்டு, காலின்கீழ் ஓரிடத்தில் கருங்கல், ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் படி. அவர்களுடைய முழங்கால்கள் மடங்கியும் நிமிர்ந்தும் தரையின் மேடுபள்ளங்களையெல்லாம் வாங்கிக்கொள்ள, தோளின் உயரம் மட்டும் மாறுவதில்லை. பாதம் தரையை விட்டு நீங்குவதுமில்லை. சஸ்பென்ஷனின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கும். சக்கரமே பாதம், ஸ்பிரிங்கே முழங்கால், சேஸிஸும் அதன்மேல் இருக்கும் நாமுமே தோளிற் சுமந்த பாரம். சஸ்பென்ஷன் நம்முடைய சுகத்துக்காக மட்டும் அமைந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அதன் முதற் கடமை சக்கரத்தைத் தரையோடு பொருத்தி வைத்தல். தரையை விட்டு எழும்பிய சக்கரத்துக்குத் திருப்பவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது.

இதற்கு இரண்டு உறுப்புக்கள் வேண்டும். ஒன்று, பாரத்தைத் தாங்கி அடியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங். மற்றொன்று, ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய். ஸ்பிரிங் மட்டும் இருப்பின் வண்டி ஊஞ்சலாகிவிடும். ஒரு பள்ளத்தில் இறங்கிய பின் அடுத்த பள்ளம் வரையில் ஆடிக்கொண்டேயிருக்கும். குழாயினுள் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே தள்ளப்படும்போது அந்தத் துள்ளலின் சக்தி உஷ்ணமாக மாறிக் கழிகிறது. நெடுநேரம் கரடான பாதையில் ஓடிவந்த வண்டியின் ஷாக் அப்ஸார்பரைத் தொட்டுப் பார்த்தால் சுடுவது இதனால்தான். சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போவதால் அடக்கும் வலிமையும் குறையும்.

சக்கரம் மேலுங்கீழும் நகரக்கூடிய தூரத்தை மெக்கானிக்குகள் டிராவல் என்பர். நாம் அசைவுத்தூரம் என்று வழங்குவோம். இதன் பயனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். வண்டியும் ஆளும் அரை மீட்டர் உயரமுள்ள ஒரு திட்டிலிருந்து கீழே குதிப்பதாகக் கொள்க. அவ்வீழ்ச்சியை 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்துவதாயின், அவ்வளவு நேரமும் வண்டி தாங்க வேண்டிய விசை, சராசரியாகத் தன் எடையைப்போல் 6 மடங்கு ஆகும். 20 சென்டிமீட்டரில் நிறுத்தினால் மூன்றரை மடங்கு; 25 சென்டிமீட்டரில் 3 மடங்கு. பௌதிக வகுப்பில் பயில்வோர் தாமே போட்டுப் பார்க்கலாம். வீழ்ந்த உயரத்தை அசைவுத்தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் விடை வரும். இக்கணக்கில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பத்திலிருந்து இருபதுக்குப் போகையில் பெறும் லாபம் பெரிது. இருபதிலிருந்து இருபத்தைந்துக்குப் போகையில் பெறுவது சிறிது. அச்சிறு லாபத்துக்காக நாம் கொடுக்கும் விலையோ சிறிதன்று. அசைவுத்தூரம் நீளுந்தோறும் இருக்கை உயரும். பிரேக் பிடிக்கும்போது முன்புறம் குனியும். தார்ச்சாலை வளைவுகளில் வண்டி படகுபோல் அசையும்.

பழைய மோட்டார் ஸைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. இருக்கையின் கீழ் இரண்டு சுருள் வைத்து அதனோடு திருப்தியடைந்தனர். பின்னர் இருபுறமும் இரண்டு ஷாக் அப்ஸார்பர்கள் வந்தன. 1970-க்குப் பின்னரே பெரிய மாறுதல் நேர்ந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூஸியன் டில்கென்ஸ் என்னும் பொறியாளர் இரண்டுக்குப் பதிலாக ஒரே பெரிய ஷாக் அப்ஸார்பரைச் சட்டத்தின் நடுவே கிடத்தி அமைக்கும் முறையைக் கண்டார். யமாஹா கம்பெனியார் அதனை ஏற்று, 1973-இல் ஸ்வீடன் தேசத்து ஹாகன் ஆண்டர்ஸன் என்னும் வீரரைக் கொண்டு 250 ஸி.ஸி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றனர். இன்று நம் ஊர் மெக்கானிக் கடைகளில் ‘மோனோ ஷாக்’ என்று வழங்குவது அதன் வழித்தோன்றலே. அதன் பின்னரே பந்தய வண்டிகளின் அசைவுத்தூரம் மளமளவென்று நீண்டு, முன்னிருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேலாயிற்று.

இந்தியாவில் இத்தகைய வண்டி சாதாரண மக்களுக்கு எட்டும் விலையில் கிடைத்தது மிகப் பிந்தியே. 2011-இல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. நல்ல வண்டிதான், வாங்குவோர் குறைவாயிருந்தமையின் நீடிக்கவில்லை. 2016-இல் ராயல் என்பீல்ட் கம்பெனியாரின் ஹிமாலயன் 411 ஸி.ஸி. இஞ்சினுடன் வெளிவந்தது. 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2020-இல் கே.டி.எம். 390 அட்வெஞ்சர், 2023-இல் புதிய ஹிமாலயன் 450, 2025-இல் எக்ஸ்பல்ஸ் 210 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஹிமாலயன் நம் மாகாணத்திலேயே, சென்னையை அடுத்த தொழிற்சாலைகளில் உருவாவது என்பதையும் குறிப்பிடலாம்.

இவற்றின் அளவுகளைப் பார்ப்போம். எக்ஸ்பல்ஸ் 200-இல் முன்சக்கரத்துக்கு 190 மி.மீ., பின்சக்கரத்துக்கு 170 மி.மீ. அசைவுத்தூரம். எடை வகைக்கேற்பச் சுமார் 155 முதல் 160 கிலோ வரை. 2023-இல் வந்த அதன் ‘ப்ரோ’ வகையில் 250-ம் 220-ம் ஆக நீட்டி, இருக்கையை 891 மி.மீ. உயரத்துக்கு ஏற்றிவிட்டனர். எக்ஸ்பல்ஸ் 210-இல் முன்னே 210, பின்னே 205. பழைய ஹிமாலயனில் 200-ம் 180-ம். இருக்கை 800 மி.மீ. மட்டுமே. ஹிமாலயன் 450-இல் இருபுறமும் 200. எடை 196 கிலோ. 390 அட்வெஞ்சரின் 2020-ஆம் ஆண்டு வகையிலோ முன்னே 170, பின்னே 177. முன்சக்கரம் 19 அங்குலம். மற்றவை யாவும் 21 அங்குல முன்சக்கரம் உடையவை.

எண்களை இவ்வாறு அடுக்கிவிட்டால் பெரிய எண் உடையதே சிறந்த வண்டி என்று தோன்றும். அவ்வாறன்று. வண்டியை ஆராயுமுன் வழியை ஆராய வேண்டும்.

நம் ஊரைச் சுற்றி நான்கு வகை வழிகள் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்து வீதிகள் முதல் வகை. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வேகத்தடையும், மாடும், பூக்கடையும், யாத்திரிகர் கூட்டமும் உண்டேயன்றி மேடுபள்ளம் என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. அங்கே வேண்டியது தரையில் ஊன்றும் கால். அசைவுத்தூரம் அங்கே உதவுவதில்லை. உயரமான இருக்கையில் கால்விரல் நுனி மட்டும் தரையில் பட நிற்பவர், பக்கத்திற் செல்லும் முதியவர்மீது வண்டியைச் சாய்த்துவிடாமல் இருப்பது தெய்வச் செயலே.

இரண்டாவது, காவேரிக் கரையும் கொள்ளிடக் கரையும். முக்கொம்பில் காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரிகின்றது. அங்கிருந்து கிழக்கே கல்லணை வரையில் இரு நதிகளின் கரைகளிலும் ஓடும் மண்பாதைகளில், தார் போடாத பகுதிகள் இன்னும் பல உண்டு. டிராக்டர்களும் லாரிகளும் ஓடி ஓடி, அப்பாதைகளில் சலவைப் பலகைபோல் வரிவரியான சிறு மேடுகள் எழுந்திருக்கும். இங்கேதான் எண்ணெய்க் குழாயின் குணம் வெளிப்படுகிறது. ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் அடுத்த மேடு வருமுன் மீண்டு நீள வேண்டும். மீட்சியை மிகுதியாக அடக்கி வைத்த ஷாக் அப்ஸார்பரோ, நீள்வதற்குள் அடுத்த அடியையும் வாங்கும். மூன்றாவது மேட்டில் இன்னும் சிறிது அமுங்கும். பத்து மேடு தாண்டியபின், 200 மி.மீ. அசைவுத்தூரம் உடைய வண்டியும் 50 மி.மீ. வண்டிபோல் இடிக்கத் தொடங்கும். மீட்சியை அடக்காமல் விட்டாலோ பின்புறம் குதிரைபோல் உதைக்கும். ஆகவே நீளத்தைக் காட்டிலும் இவ்வடக்கம் சரியாயிருத்தலே கரைப்பாதைக்கு வேண்டுவது. இதைக் கடைக்காரர் தரும் தாளில் காண இயலாது. ஓட்டித்தான் அறிய வேண்டும்.

கரையைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லிவிடுகிறோம். அது வெள்ளத்தைத் தடுப்பதற்காக எழுப்பிய கரை. பந்தயத்துக்காக அமைத்த திட்டன்று. மழை பெய்து ஊறியிருக்கும்போது அதன் சரிவில் வண்டியை ஏற்றியும் இறக்கியும் பல் டயரால் கிழிப்பது, அதன் அடியில் வாழை பயிரிட்டு வாழும் குடும்பங்களுக்குச் செய்யும் கேடாகும்.

மூன்றாவது கொள்ளிடத்து மணல். காவேரியில் மிகுந்த வெள்ளம் வரும்போதன்றி, ஆண்டின் பெரும்பகுதியில் கொள்ளிடம் அகன்ற மணற்பரப்பாகவே கிடக்கிறது. அதைக் கண்டதும் இளைஞர்க்கு ஆசை பிறப்பது இயல்பு. ஆயின் நிலங்களுள் மணலே வண்டியோட்டிக்கு மிகக் கடுமையானது. முன்சக்கரம் கலப்பைபோல் உழுது, தான் விரும்பிய பக்கம் திரும்பப் பார்க்கும். புதிதாக வந்தவர் அஞ்சி வேகத்தைக் குறைப்பர். குறைத்தவுடன் பாரம் முன்னே சாய்ந்து சக்கரம் இன்னும் ஆழமாய்ப் புதையும். பிரேக் பிடித்தால் விழுவது நிச்சயம். செய்ய வேண்டுவது இதற்கு நேர்மாறு. கால்மிதியின்மேல் எழுந்து நின்று, உடலைச் சிறிது பின்னே வைத்து, ஆக்ஸிலேட்டரைச் சீராகத் திறந்து, ஹாண்டிலைத் தளர்வாகப் பிடித்துப் போக வேண்டும். டயரில் வழக்கமாக 25 பவுண்டு அல்லது அதற்கு மேலும் காற்று இருக்குமானால் மணலுக்கு 18 வரையில் குறைப்பது வழக்கம். டயர் சிறிது தட்டையாகி மணலின்மேல் மிதக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பியவுடன் மறவாமல் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

மணலில் அசைவுத்தூரத்தின் உதவி சிறிதே. எடையே அங்கே தீர்ப்புக் கூறுகிறது. விழுந்த வண்டியைத் துணையின்றித் தூக்கி நிறுத்த முடியுமா என்பதே எமக்குத் தெரிந்த நல்ல பரீக்ஷை. 158 கிலோவைப் பலர் தூக்கிவிடுவர். 196 கிலோவை, அதுவும் இளமணலில், நண்பகல் வெயிலில், மூன்றாம் முறை தூக்கும்போது உடல் சொல்லும் பாடம் வேறு. மேலும் கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் ஆங்காங்கே உண்டு. அவற்றின் விளிம்பு அருகில் வரும் வரையில் தெரிவதில்லை. மேட்டூரிலிருந்து வரும் நீர் மிகுந்து முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறக்கப்படும் நாட்களில் அங்கே இறங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளையே அந்நீர் அடித்துச் சென்றதை இவ்வூரார் மறந்திரார்.

நான்காவது, துறையூருக்கு அப்பாலுள்ள பச்சைமலை. சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் சாலை நல்ல சாலையே. அதிலிருந்து மரவள்ளித் தோட்டங்களினிடையே சிற்றூர்களுக்குப் பிரியும் பாதைகளில்தான் கல்லும் வேரும் மழைநீர் அரித்த வாய்க்கால்களும் உண்டு. அங்கே வேகம் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் அடங்கிவிடும். சிறு கற்களின்மேல் சக்கரம் மெல்ல ஏறி இறங்க, மென்மையான ஸ்பிரிங்கும், பெரிய முன்சக்கரமும், கல் தட்டாத அடியுயரமும், இஞ்சினைக் காக்கும் அடித்தகடும் வேண்டும். 21 அங்குலச் சக்கரம் கல்லைத் தாழ்ந்த கோணத்தில் சந்தித்து ஏறும்; சிறிய சக்கரம் அதே கல்லைச் சுவர்போல் முட்டும். கம்பிச் சக்கரம் வளைந்தால் கம்பியை இறுக்கி நேராக்கலாம். அலாய் வீல் உடைந்தால் வேறு வாங்குவதே வழி. அப்பாதைகள் மலைவாழ் மக்கள் அன்றாடம் நடக்கும் பாதைகள் என்பதையும், வனத்துறையார் தடுத்த இடங்களில் நுழைதல் சட்டவிரோதம் என்பதையும் நினைவிற் கொள்க.

இம்மலைக்கு மேற்கே நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையை இதனோடு சேர்த்தெண்ணுவது பிழை. அங்கே 70 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அவை யாவும் தார்ச்சாலை. நீண்டு மெலிந்த ஸ்பிரிங் உடைய வண்டி ஒவ்வொரு வளைவிலும் முன்னே குனிந்து எழுந்து எழுபது முறை வணக்கம் செலுத்தும். 390 அட்வெஞ்சர்போல் அசைவுத்தூரம் குறைந்து இறுக்கமான அமைப்புடைய வண்டியோ, சாதாரணச் சாலை வண்டியோ அங்கே நன்றாயிருக்கும்.

இனி ஓட்டும் முறை. ஸ்ரீபாதந்தாங்கிகள் ஒரே பாரத்தைத் தாங்கி ஸிம்மகதி என்றும் ஸர்ப்பகதி என்றும் நடையை மாற்றுகின்றனர் அன்றோ? வண்டியோட்டிகளிடத்தும் அத்தகைய நடைபேதங்கள் உண்டு. ஒருவர் அமர்ந்தபடியே நாளெல்லாம் நெடுந்தூரம் போவார். இடையிற் சிறிது கரடான வழி வந்தாலும் மெதுவாய்க் கடப்பார். இவர்க்கு ஹிமாலயன் தக்கது. அதன் எடை நெடுஞ்சாலையில் காற்றுக்கும் லாரிகளுக்கும் நடுவே நிலைத்து நிற்கத் துணையாகும். எக்ஸ்பல்ஸ் 200-இன் சிறிய இஞ்சினோ சென்னைச் சாலையில் நெடுநேரம் விரைந்தால் திணறும். மற்றொருவர் எழுந்து நின்று, கல்லைத் தேர்ந்து, ஆமைபோல் ஊர்ந்து போவதில் இன்பங் காண்பார். இவர்க்கு எடை குறைந்த எக்ஸ்பல்ஸே பொருந்தும். மூன்றாமவர் திட்டைக் கண்டால் பறக்க விரும்புகிறவர். அவர்க்கே ‘ப்ரோ’ வகையின் 250 மி.மீ. உண்மையில் வேண்டியிருக்கிறது. அவரும் ஒரு பயிற்சிக் களத்தில், தகுந்த ஆசானிடம், முழங்கால் முழங்கை மார்புக் கவசங்களோடு அதனைக் கற்றல் வேண்டும்.

மூன்றாம் வகையாரின் கனவு டக்கார் பந்தயம். 2015-இல் ஸி.எஸ். ஸந்தோஷ் அப்பந்தயத்தை ஓடி முடித்த முதல் இந்திய மோட்டார் ஸைக்கிள் வீரரானார். 2024-இல் கேரளத்து ஹரித் நோவா, ஷெர்கோ டி.வி.எஸ். அணியின் சார்பில் ராலி 2 என்னும் பிரிவில் முதலிடமும், ஒட்டுமொத்தமாகப் பதினொன்றாம் இடமும் பெற்றார். அவ்வீரர்களின் வண்டிகளில் அசைவுத்தூரம் சுமார் 300 மி.மீ. இருக்கும். அதைக் கேட்டுத் தம் வண்டியிலும் பந்தய ஸ்பிரிங் பூட்ட விரும்புகிறவர் ஒன்றை அறிய வேண்டும். பந்தய ஸ்பிரிங் இறுக்கமானது. மிக்க வேகத்தில் வரும் பெரிய அடிகளுக்காகவே அது அமைந்தது. அவ்வேகம் இல்லாதவிடத்துச் சிறு கற்களுக்கு அது அசையவே அசையாது. அடிகள் அனைத்தும் ஓட்டியின் கைக்கே வந்து சேரும். மெதுவாய்ப் போகிறவர்க்குப் பந்தய வண்டி கட்டை வண்டியே.

நின்று ஓட்டுவதன் பயனையும் இங்கே கூறிவிடுவோம். நம் கால்கள் மடங்கி நிமிரும் தூரம் ஏறக்குறைய ஒரு முழம். எந்தக் கம்பெனியும் இதுவரை அவ்வளவு அசைவுத்தூரத்தை விற்கவில்லை. நமக்கோ அது இலவசமாய் வாய்த்திருக்கிறது. கொள்ளிடக் கரையில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின்மேல் நாலைந்து வாழைத்தார்களைக் கட்டிக்கொண்டு போகும் விவசாயியைக் கண்டால் இது விளங்கும். நூறு கிலோவுக்கும் குறைந்த சிறு வண்டி. அவர் எங்கே மெதுவாக்க வேண்டும், எங்கே பிருஷ்டத்தை இருக்கையினின்று சற்றே உயர்த்த வேண்டும் என்பதை நன்கறிவார். மூன்று லக்ஷ ரூபாய் வண்டியில் விறைத்து அமர்ந்திருக்கும் நம் நண்பரைத் தாண்டிக்கொண்டு அவர் போய்விடுகிறார்.

ஓட்டியின் உடலையும் எண்ண வேண்டும். ஐந்தடி நான்கு அங்குலம் உயரமுள்ள ஒருவர்க்கு 800 மி.மீ. இருக்கையில் இரு பாதங்களும் ஏறக்குறைய ஊன்றும். 825-இல் முன்பாதங்கள் ஊன்றும். 891-இல் ஒரு காலை ஊன்ற மறுபுறம் உடலைச் சரிக்க வேண்டியிருக்கும். சமதரையில் இது பழகிவிடும். மலைச்சரிவில் கால் வைக்கும் பக்கம் பள்ளமாயிருந்தால் பழக்கம் உதவாது. அன்றியும் நம் வீடுகளில் மோட்டார் ஸைக்கிள் ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. அன்னையார் கோவிலுக்குச் செல்வதும், தங்கையார் பள்ளிக்குச் செல்வதும் அதிலேயே. அவ்வளவு உயரத்தில் அவர்களை ஏறச் சொல்வது எவ்வாறு என்பதையும், இருவர் பாரத்தில் மெல்லிய ஸ்பிரிங் அடிவரை அமுங்கி இடிக்கும் என்பதையும் வாங்குமுன் சிந்திக்க வேண்டும்.

இவையெல்லாவற்றையும் எண்ணுமிடத்து, திருச்சிராப்பள்ளி மாணவர் ஒருவர் வாரநாட்களில் கல்லூரிக்கும், வாரக் கடைசியில் கரைப்பாதைக்கும் பச்சைமலைக்கும் போக ஒரே வண்டி வைத்திருப்பாராயின், 200 மி.மீ.யை ஒட்டிய அசைவுத்தூரமும் 160 கிலோவை ஒட்டிய எடையும் உடையதே அவர்க்குத் தக்கது என்பது நம் கருத்து. எக்ஸ்பல்ஸ் 200-இன் சாதாரண வகையும், 210-ம் இதற்கு அணித்தானவை. மாதம் இருமுறை சென்னைக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர் ஹிமாலயனை நாடலாம். பழைய 411 ஹிமாலயனின் தாழ்ந்த இருக்கை குட்டையானவர்க்கு வரப்பிரசாதமே. அதனைப் பழைய வண்டிச் சந்தையில் வாங்கலாம். தாரை விட்டு இறங்காதவர் இவற்றுள் எதையும் வாங்க வேண்டுவதில்லை.

பழைய வண்டி வாங்குவோர் முன்போர்க்கின் குழாய்களை விரலால் தடவிப் பார்க்க. எண்ணெய்ப் பசை இருந்தால் ஸீல் போய்விட்டதென்று பொருள். பின்புறத்தை அழுத்தி விடுக. ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும், இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்ஸார்பர் செத்துவிட்டது. சக்கரத்தைச் சுழற்றி விளிம்பு கோணுகிறதா என்று பார்க்க. ஹாண்டில் நடுவில் மாட்டிக்கொண்டு திரும்பினால் பேரிங் தேய்ந்திருக்கும். சட்டத்தில் வெல்டிங் செய்த இடங்களில் புதுப் பெயிண்ட் பூசியிருப்பின் அவ்வண்டியை விட்டு விலகுவதே உத்தமம்.

எந்த வண்டியை வாங்கினும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. கம்பெனியார் ஸ்பிரிங்கை ஒரு சராசரி ஆளுக்காக அமைத்து அனுப்புகின்றனர். 50 கிலோ மாணவர்க்கும் 90 கிலோ மாணவர்க்கும் அது ஒன்றாகவே வருகிறது. ஆகவே ஓர் அளவு நாடாவும் இரு நண்பர்களும் கொண்டு இவ்வாறு செய்க. பின்சக்கரம் தரையில் படாதவாறு வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கர அச்சிலிருந்து நேர்மேலே இருக்கையின் அடியில் ஒரு குறி வரையில் அளந்து எழுதிக்கொள்க. பின்னர் வண்டியை இறக்கி, ஹெல்மெட், காலணி, முதுகுப்பை யாவற்றோடும் ஏறி அமர்ந்து, ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, மற்றவர் மீண்டும் அளக்கட்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் அசைவுத்தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 170 மி.மீ. என்றால் 50 முதல் 55 வரை; 220 என்றால் 70-ஐ ஒட்டி. இதனினும் அதிகம் அமுங்கினால் ஸ்பிரிங்கின் தலையிலுள்ள வளையத்தைக் கொக்கிச் சாவியால் இறுக்குக. குறைவாக அமுங்கினால் தளர்த்துக. வளையத்தை இறுக்குவதால் ஸ்பிரிங் வலுவடையும் என்று மெக்கானிக்குகளிற் சிலரும் சொல்வதுண்டு. அது தவறு. வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறும். ஸ்பிரிங்கின் வன்மை அதன் கம்பியின் பருமனையும் சுற்றுக்களையும் பொறுத்தது. வளையத்தை முழுவதும் இறுக்கியும் அளவு வராதவர் வலுத்த ஸ்பிரிங்கையே வாங்க வேண்டும்.

பின்னே ஒருவரை ஏற்றிக்கொண்டும் ஒருமுறை அளந்து, அப்போது வளையம் எத்தனையாவது படியில் இருக்க வேண்டும் என்பதைக் கண்டு, இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி இருக்கையின் அடியில் ஒட்டி வைத்தல் நலம்.